தொழில் நடத்துவது நீங்கள். பதிவு யார் பேரில்?

முத்துநகர் தூத்துக்குடியில் துறைமுகம், அனல் மின் நிலையம் என்று பெரிய நிறுவனங்கள் இருக்கு. அங்கெல்லாம் சீருடை தைக்கணும், கேன்டீன் நடத்தணும், துப்புரவுப் பணி செய்யணும். இந்த ஆர்டர்கள் பெண்கள் நடத்தும் சிறு தொழிலுக்கும் கிடைக்குமா? கிடைக்கும். அதுக்கு முதலில் பதிவு சரியா இருக்கணும்.

விதி என்ன?

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக்கு 100 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தால், 25 ரூபாய்க்குக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதில் 3 ரூபாய் பெண்களின் நிறுவனங்களுக்கு. 2018-ல் வந்த திருத்தம் இது.

ஆனால் இது ஆண்டு இலக்குதான். ஒவ்வொரு டெண்டரிலும் தனி ஒதுக்கீடு என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் 1994-ல் பெண்களுக்கு 5 சதவீத இலக்கு வைத்தார்கள். அதை முதன்முதலில் எட்டியது 2015 நிதியாண்டில்தான். பெண்கள் டெண்டர் போட்டால்தான் இலக்கு நிறைவேறும்.

யார் தகுதியானவர்?

தனிநபர் தொழில் என்றால் உரிமையாளர் பெண்ணாக இருக்கணும். கூட்டு நிறுவனம், பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது 51 சதவீதப் பங்கு பெண்களிடம் இருக்கணும். பல வீடுகளில் வேலை முழுக்க மனைவி பார்ப்பார். பதிவு கணவர் பேரில் இருக்கும். அப்படியென்றால் இந்த 3 சதவீதக் கணக்கில் நீங்கள் வரமாட்டீர்கள். பதிவை மாற்றுவதற்கு முன் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பொருள் தயாரிப்பவர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும்தான் இந்தச் சலுகை. வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் இது பொருந்தாது.

என்ன பலன்?

* டெண்டர் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம்.
* குறைந்த விலை சொன்னது பெரிய நிறுவனம்; உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறைந்த விலைக்கு நீங்கள் சம்மதித்தால், பிரித்துக் கொடுக்கக்கூடிய ஆர்டரில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களுக்கு வரும். அந்த விலை கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.
* சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் வரணும். வராவிட்டால் புகார் செய்யலாம்.

செல்போனிலேயே செய்யலாம்

1. அரசின் உத்யம் தளத்தில் ஆதார், பான் எண் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது, யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க.
2. பாலினம் கேட்கும் இடத்தைச் சரியாக நிரப்புங்கள்.
3. 'ஜெம்' எனும் அரசுக் கொள்முதல் தளத்தில் விற்பனையாளராகச் சேருங்கள். பெண்களுக்காக 2019-ல் தொடங்கிய 'வுமனியா' திட்டம் அங்கேதான் இருக்கு.
4. டெண்டர் போடும் முன் அதிலுள்ள சலுகை விதிகளை முழுசாகப் படியுங்கள்.

ஏற்கெனவே பதிவு செய்தவரா? உங்கள் உத்யம் சான்றிதழை இன்றைக்கே எடுத்து, அதில் யார் பெயர் இருக்கு என்று ஒருமுறை பாருங்கள்.