பொன்னியின் செல்வன்: அரிசி அனுப்பிய இளவரசனும் நெல் எடுத்த அரசனும்

2022 செப்டெம்பர் 30ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, 'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் வெளியாக இருந்தது. கொச்சிக்கடையில் எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக வேறு பேச்சில்லை. தங்கையின் மகள் ட்ரெயிலரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள். 'சோழா சோழா' பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுகிறாள். அம்மா அடுப்படியிலிருந்து, "சத்தத்தைக் குறை பிள்ளை, யன்னல் திறந்து கிடக்கு" என்கிறார். பாட்டில் தவறாக ஒன்றும் இல்லை. சோழருடைய கொடியில் புலி இருக்கிறது, அவ்வளவுதான். அது ஆயிரம் வருடத்துக்கு முந்திய கொடி என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் இந்த நாட்டில் புலி வரைந்த எதையும் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க அவருக்குப் பயம்.

எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. இந்த வயதில் ஒரு படத்துக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாள் எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்து வேலையிடத்தில் சிரிக்கிறார்கள். சிரிப்பதிலும் நியாயம் உண்டு. 2022 ஓகஸ்ட் மாதம் கொழும்பில் பணவீக்கம் 64 வீதத்தைத் தாண்டியது. பெற்றோல் அப்போது கியூஆர் அட்டையில் கிடைத்தது. மின்வெட்டும் அப்போது முடிந்திருக்கவில்லை. இந்த நேரத்தில் என்ன படம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, இது என்ன கதை, இது எங்கள் தீவைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்கி 1950 ஒக்டோபரில் தன்னுடைய வார இதழில் இந்த நாவலைத் தொடங்கி 1954 மே மாதத்தில் முடித்தார். அந்த வருடம் டிசெம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்று ஐந்து பாகங்கள். படங்கள் வரைந்தவர் மணியம். வந்தியத்தேவன், குந்தவை, நந்தினி, பூங்குழலி என்றால் இன்றைக்கும் பலருக்கு மனதில் வருவது அவர் வரைந்த முகங்கள்தான். இங்கிலாந்தில் டோல்கீனுடைய 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' முதற்பகுதி வெளிவந்ததும் அதே 1954இல்தான். அந்தக் கதை 2001இலேயே பெரிய திரைக்கு வந்துவிட்டது. எங்களுடையது 2022இல்தான் வந்தது.

முயற்சி இல்லாமல் இல்லை. 1958இல் எம்.ஜி.ஆர். இதைப் படமாக்கப் புறப்பட்டுக் கைவிட்டார். எண்பதுகளின் கடைசியில் கமல்ஹாசனும் மணிரத்னமும் யோசித்தார்கள், நடக்கவில்லை. கதை இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் போகிறது. டசின் கணக்கில் முக்கிய பாத்திரங்கள். ஒருவரை வெட்டினால் இன்னொருவருடைய கதை நொண்டும். ஒரே படத்துக்குள் அடக்க முடியாது, இரண்டு படம் எடுக்கப் பணம் போட ஆள் வேண்டும். சென்னையில் 1999இல் மஜிக் லான்டர்ன் குழு இதை மேடையில் நாடகமாகப் போட்டபோதுதான் முழுக் கதையையும் ஒரே இருப்பில் சொல்லலாம் என்ற நம்பிக்கை பலருக்கு வந்தது. அந்த நாடகத்தை எழுதிய குமரவேல் படத்தின் திரைக்கதையிலும் இருக்கிறார். 2019 டிசெம்பரில் தாய்லாந்தில் படப்பிடிப்பு தொடங்கியது. பிறகு கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. மணிரத்னத்தின் நிறுவனத்தோடு சேர்ந்து இதைத் தயாரிப்பது லைக்கா. அதன் சுபாஸ்கரன் முல்லைத்தீவில் பிறந்தவர். சோழ இளவரசனைத் திரைக்குக் கொண்டுவரும் பணத்தில் வன்னியில் பிறந்த ஒருவருடைய பணமும் இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்படும் விசயம்.

எங்கள் ஊர் வீட்டில் இருந்தது கடையில் வாங்கிய புத்தகம் அல்ல. அப்பப்பா கிழமைக்குக் கிழமை இதழிலிருந்து பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, மட்டை போட்டு வைத்த ஐந்து கட்டுகள். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அந்தக் கட்டுகள் ஊரெல்லாம் சுற்றி வந்தன என்று அப்பா சொல்வார். நான் அவற்றை வாசித்தது 1995இல். குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தல் விளக்கில் திரியைச் சின்னதாக வைத்து, ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம் என்று அப்பா கணக்கு வைத்திருந்தார்.

ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது நான் மூன்றாம் பாகத்தில் இருந்தேன். அருள்மொழிவர்மர் கடும் காய்ச்சலோடு நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் புத்த பிக்குகளின் பராமரிப்பில் கிடக்கிறார். நான் கட்டைக் கையில் எடுத்தேன். அப்பா ஒன்றும் ஏசவில்லை. "அது பாரம் பிள்ளை, அரிசியைத் தூக்கு" என்றார். அரிசியைத் தூக்கினேன். அடுத்த வருடம் திரும்பிப் போனபோது வீட்டில் புத்தகமும் இல்லை, அலுமாரியும் இல்லை. 2000ஆம் ஆண்டு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு கடையில் மலிவுப் பதிப்பு வாங்கும் வரை, ஐந்து வருடம் அந்த இளவரசர் காய்ச்சலோடுதான் கிடந்தார்.

இந்தக் கதை எங்களைப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' பெரும்பாலும் இந்தத் தீவில்தான் நடக்கிறது. கல்கி இங்கே வந்து பார்த்துவிட்டு எழுதியவர். மாதோட்டம், அனுராதபுரம், தம்பள்ளை, சிம்மகிரி, தொண்டைமானாறு என்று எங்களுக்குத் தெரிந்த இடங்களெல்லாம் வருகின்றன. கோடிக்கரையிலிருந்து பூங்குழலி இரவோடு இரவாக வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி வந்து எங்கள் கரையில் விடுகிறாள். எங்கள் ஆட்கள் அந்தக் கடலை மறுபக்கமாகக் கடந்தவர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போனார்கள். 2022 மார்ச்சிலிருந்து, விலைவாசி தாங்காமல், மன்னார்ப் பக்கமிருந்து மறுபடியும் தனுஷ்கோடிக்குப் போனார்கள். ஆகவே பூங்குழலி எங்களுக்குக் கற்பனைப் பெண் அல்ல. அவள் ஒரு ஓட்டி.

ஆனால் 1995இல் என்னை உலுக்கியது படகும் இல்லை, யானையும் இல்லை. அரிசி. நாவலின் தொடக்கத்திலேயே பழுவேட்டரையர்களுக்கு இளவரசர் மேல் ஒரு மனக்குறை. ஈழத்தில் போர் செய்யும் படைக்குச் சோழநாட்டிலிருந்தே அரிசியும் பொருளும் அனுப்ப வேண்டும் என்று இளவரசர் கேட்கிறார். வென்ற நாட்டில் கிடைப்பதைக் கொண்டு படை சாப்பிடுவதுதானே வழக்கம் என்பது அவர்களுடைய வாதம். போர் அரசர்களுக்கும் படைகளுக்கும் இடையில். குடிமக்களை அது தொடக்கூடாது என்பது இளவரசருடைய பக்கம். இடிந்த விகாரங்களையும் அவர் திருத்திக் கொடுக்கச் சொல்கிறார். கடைசியில் பிக்குகளே இரகசியமாக அழைத்து இலங்கைச் சிங்காதனத்தைத் தருகிறோம் என்றபோது, வேண்டாம் என்று திரும்புகிறார்.

மந்திரமும் பறக்கும் நாகமும் இருந்தால்தான் மாயக் கதை என்கிறார்கள். விளக்குத் திரியைக் குறைத்துக் குறைத்து வாசித்த எனக்கு, சனங்களின் அரிசிப் பானையில் கை வைக்காத ஒரு படையைவிடப் பெரிய மாயம் எந்தக் கதையிலும் கிடைக்கவில்லை. நாங்கள் பல படைகளைப் பார்த்தவர்கள். தூரத்திலிருந்து வந்ததையும் பார்த்தோம், எங்கள் பாசை பேசியதையும் பார்த்தோம். அப்படியொரு படையைக் காணவில்லை. அதனால்தான் அருள்மொழியை அவ்வளவு பிடித்தது.

இனி வரலாற்றுக்கு வர வேண்டும். படம் வந்தபின் கதையும் வரலாறும் ஒன்றாகக் கலந்துவிடும். அதற்கு முதல் பிரித்து வைப்பது நல்லது. நாவல் நடப்பது சுந்தர சோழரின் கடைசிக் காலத்தில். அவருடைய ஆட்சியில் இலங்கைப் படையெடுப்பு நடந்தது உண்மை. கொடும்பாளூர்ச் சிறிய வேளார் இங்கே போரில் இறந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. விகாரம் திருத்தி, சிங்காதனத்தை மறுத்த இளவரசன் மட்டும் கல்கி கட்டியெழுப்பியவர். அருள்மொழி இராஜராஜனாக முடிசூடியபின் 993 அளவில் சோழப் படை வந்து அனுராதபுரத்தைக் கைப்பற்றியது. தலைநகர் பொலன்னறுவைக்கு மாறியது. விகாரங்களையும் தாதுகோபங்களையும் உடைத்துச் சோழர் செல்வத்தை அள்ளிச் சென்றதாகச் சூளவம்சம் எழுதுகிறது. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு இன்னொன்றைச் சொல்கிறது. ஈழத்து ஊர்கள் சிலவற்றிலிருந்து நெல்லும் காசும் அந்தக் கோவிலுக்குப் போக வேண்டும் என்று இராஜராஜன் கட்டளையிட்டிருக்கிறான். கதையில் இளவரசன் தஞ்சையிலிருந்து ஈழத்துக்கு அரிசி கேட்கிறான். கல்லில் அதே மனிதன் ஈழத்திலிருந்து தஞ்சைக்கு நெல் எடுக்கிறான்.

எதிர்ப்பக்கத்து அரசனையும் பார்க்க வேண்டும். ஐந்தாம் மகிந்தனுக்குக் குடிகள் வரி கொடுக்கவில்லை. படைக்குச் சம்பளம் கொடுக்க அவனிடம் பணமில்லை. சொந்தப் படையே கிளர்ந்தெழ அவன் உரோகணைக்குத் தப்பி ஓடினான் என்று அதே சூளவம்சம் சொல்கிறது. திறைசேரி காலியானால் ஆள்பவர் ஓடுவதை 2022 ஜூலையில் நாங்களும் பார்த்தோம். பிறகு 1017இல் இராஜேந்திரனுடைய படை மகிந்தனைப் பிடித்துக்கொண்டு போனது. பன்னிரண்டு வருடம் கழித்து அவன் சோழநாட்டிலேயே இறந்தான். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரைத் துரத்தினான். பொலன்னறுவையில் சோழ அரசி ஒருவரின் பெயரில் எடுத்த வானவன் மாதேவி ஈச்சரம் மட்டும் இன்னும் கல்லாக நிற்கிறது.

போன கிழமை வேலையிடத்தில் ஒரு சிங்களத் தங்கச்சி கேட்டாள்: "அக்கா, அனுராதபுரத்தை அழித்த ஆட்களுடைய படத்துக்கா இவ்வளவு சந்தோசம்?" குத்திக் கேட்கவில்லை. அவளுடைய சரித்திரப் புத்தகத்தில் சோழர் என்றால் அதுதான். என்னுடைய புத்தகத்தில் சோழர் என்றால் பெரிய கோவில், கடற்படை, கங்கை வரை போன வெற்றி. இரண்டும் பொய் இல்லை. ஆளுக்கொரு பாதியைக் கையில் கொடுத்துப் பள்ளிக்கூடம் எங்களை அனுப்பிவிட்டது. கல்லில் இருக்கும் நெல்லைப் பற்றியும், கதையில் வரும் அரிசியைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். பிக்குகள் கொடுத்த சிங்காதனத்தை இளவரசர் மறுத்த இடத்தை அவள் இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னாள். பிறகு, சப்டைட்டில் இருக்குமா என்று கேட்டாள்.

வெற்றி பெற்ற பேரரசனை நினைத்து விசில் அடிக்கச் சிலர் வருவார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. தோற்றுப்போன சனத்துக்கு எப்போதோ வென்ற ஒரு காலம் தேவைப்படுகிறது. ஆனால் எங்கள் வீடுகள் எரிந்தது இன்னொருவருடைய பழைய வெற்றிகளை ஞாபகப்படுத்தியும்தான். அதை அனுபவித்தவர்கள் எங்களுடைய பழைய வெற்றியைக் கையாளும்போது கொஞ்சம் கவனமாக இருக்கலாம். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவிலின் கருங்கல் தூண்களை நான் ஒவ்வொரு வெள்ளியும் தொட்டுக் கும்பிடுகிறேன். அந்தச் சிற்பக்கலை எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதற்காக ஒரு விகாரத்தை உடைத்ததையும் சேர்த்துப் பெருமைப்பட வேண்டிய அவசியம் இல்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை நான் தேடப்போவது அந்த அரிசியைத்தான். அது படத்தில் வருமா என்று தெரியவில்லை. யானையும் கப்பலும் திரைக்கு அழகு. படைக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்ற கணக்கை வெட்டுவது சுலபம். வெட்டியிருந்தால் கோபம் வராது, கவலை வரும். விக்ரமும் கார்த்தியும் ஜெயம் ரவியும் த்ரிஷாவும் ஐஸ்வர்யா ராயும் இருக்க, ரஹ்மானுடைய இசையும் இருக்க, வேறு குறை வைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். பார்த்துவிட்டு வருபவர்கள் தயவுசெய்து இரண்டாம் பாகத்தையாவது வாசியுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

நான்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம். கதவுக்குக் கிட்ட உள்ள இருக்கைகள். 2019 ஏப்ரல் 21இல் அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபின் எங்கள் தெரு ஆட்களுக்குக் கூட்டம் என்றால் முதலில் கதவைப் பார்க்கும் பழக்கம். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

நேற்று இரவு மின்வெட்டு நேரத்தில் பெறாமகளுக்குக் கதையைச் சொல்லிக்கொண்டு போனேன். இளவரசர் சூடாமணி விகாரத்தில் காய்ச்சலோடு படுத்த இடத்தில் லைட் வந்துவிட்டது. "பிறகு என்ன பெரியம்மா, தப்பினாரா?" என்று கேட்டாள்.

"நாளைக்குச் சொல்லுறன், படு" என்றேன். ஒரு இரவுதானே, அவள் பொறுப்பாள்.