ஜகார்த்தா தங்கத்தைக் காத்த கைகள்: யார் இந்த பீட்டர் தங்கராஜ்?

ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய ஆடவர் கால்பந்து அணி கடைசியாகத் தங்கப் பதக்கம் வென்று 60 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1962-இல் ஜகார்த்தாவில் கிடைத்த அந்த வெற்றி குறித்துப் பேசும்போதெல்லாம், கோல் அடித்த பி.கே. பானர்ஜி, ஜர்னைல் சிங் ஆகியோரே முதலில் நினைவுகூரப்படுகின்றனர். அன்று கோல்கீப்பராகக் களமிறங்கிய பீட்டர் தங்கராஜ் குறித்து இன்றைய ரசிகர்கள் பலர் அறிந்திருப்பதில்லை.

முன்கள வீரராகத் தொடக்கம்

1935-இல் ஹைதராபாதில் பிறந்த தங்கராஜ், செகந்திராபாதில் உள்ளூர் அணிகளுக்காக விளையாடினார். பின்னர் ராணுவத்தில் இணைந்து, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் இடம்பெற்றார். தொடக்கத்தில் முன்கள வீரராக ஆடிய அவர், அங்குதான் கோல்கீப்பராக மாறினார். ஆறடிக்கும் அதிகமான உயரம், தலைக்கு மேல் வரும் பந்துகளைத் தடுக்க அவருக்குப் பேருதவியாக அமைந்தது.

அந்த அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளுக்கான இந்திய அணிகளில் தங்கராஜ் இடம்பெற்றார். மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பிடித்தது.

காய்ச்சலுக்குப் பின் இறுதி ஆட்டம்

ஜகார்த்தா போட்டியின்போது தங்கராஜ் காய்ச்சலால் பாதிக்கப்பட்டார். தெற்கு வியத்நாமுக்கு எதிரான அரையிறுதியில் பிரத்யுத் பர்மன் கோல்கீப்பராக ஆடினார். எனினும், தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் தங்கராஜையே களமிறக்கினார்.

அது துணிச்சலான முடிவு. ஆட்டத்தின் நடுவே மாற்று வீரரைக் களமிறக்கும் வழக்கம் அப்போது பரவலாக இல்லை. உலகக் கோப்பைப் போட்டியிலேயே அந்த வசதி 1970-இல்தான் அறிமுகமானது. மேலும், லீக் சுற்றில் இதே தென் கொரியாவிடம் இந்தியா 0-2 என்ற கணக்கில் தோற்றிருந்தது.

மைதானச் சூழலும் சாதகமாக இல்லை. இஸ்ரேல், தைவான் ஆகியவற்றுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி விமர்சித்ததால், உள்ளூர் ரசிகர்கள் இந்திய அணிக்கு எதிராக முழக்கமிட்டனர். முதல் 20 நிமிஷங்களுக்குள் இந்தியா இரு கோல்கள் அடித்தது. தென் கொரியாவால் இறுதிக் கட்டத்தில் ஒரு கோல் மட்டுமே அடிக்க முடிந்தது. 2-1 என்ற கணக்கில் இந்தியா தங்கம் வென்றது.

கொல்கத்தாவின் மூன்று அணிகள்

ராணுவத்திலிருந்து வெளியேறிய பின்னர், முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என கொல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளுக்கும் அவர் விளையாடினார். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்ற இந்திய அணியிலும் இடம்பெற்றிருந்தார். 1967-இல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

ஓய்வுக்குப் பின் பயிற்சியாளராகப் பணியாற்றிய தங்கராஜ், 2008 நவம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் பொகாரோவில் 72-ஆவது வயதில் காலமானார்.

கோல் அடித்தவரின் பெயர் ஆட்டக் குறிப்பில் இடம்பெறும். தடுத்தவரின் பெயருக்கு அதில் இடமில்லை. ஆசிய விளையாட்டு கால்பந்தில் 1970-இல் வெண்கலம் வென்ற பின்னர் இந்திய ஆடவர் அணிக்குப் பதக்கம் கிடைக்கவில்லை என்பதை எண்ணும்போது, தங்கராஜின் பங்களிப்பு எத்தகையது என்பது விளங்கும்.