கரும்பில் பறக்கும் கார்

மைசூருக்குப் பக்கத்திலுள்ள மண்டியாவில் 1933-ல் சர்க்கரை ஆலை எழுந்தது. கிருஷ்ணராஜ சாகர் அணை நீரில் விளைந்த கரும்பே அதன் பலம். சர்க்கரை போக மிஞ்சும் மொலாசஸிலிருந்து கிடைப்பது எத்தனால்.

2025-ல் இந்திய பெட்ரோலில் அதன் பங்கு 20 சதவீதத்தைத் தொட்டது. டர்போ கார் பிரியர்களின் கண்ணோ 85 சதவீதக் கலவை மீது. எத்தனால் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கிறது. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினாலும் எஞ்சின் 'நாக்' அடிப்பதில்லை, குதிரைசக்தி எகிறுகிறது.

சிக்கல் விகிதத்தில்தான். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது, அதே காற்றுக்கு எரிபொருளை அதிகம் ஊற்ற வேண்டும். பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், மறு ட்யூனிங் இல்லாமல் டாங்கை நிரப்பினால் எரிபொருள் போதாமல் பிஸ்டனே உருகிவிடும் அபாயம். எல்லாம் சரியாகச் செய்தாலும் மைலேஜ் சுமார் கால் பங்கு குறையும்.