ரொட்டியும் சம்பலும் தேநீரும்: தோட்டத்து உணவில் குறைவது என்ன?

பசறை, மடுல்சீமை, நமுனுகுல, லுணுகலை ஆகிய பகுதிகளின் பெருந்தோட்டங்களில் வாழும் எம்மவர்களின் நாளாந்த உணவு எதுவெனக் கேட்டால், காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், மலையில் மதிய வேளைக்கும் அதே ரொட்டி, இரவில் சோறும் பருப்பும், இடையிடையே பல கோப்பைத் தேநீர் என எவரும் தயக்கமின்றிப் பதில் கூறிவிடுவர். இவ்வுணவு பசியைத் தணிக்கின்றது என்பதில் ஐயமில்லை. உடலுக்கு வேண்டிய அனைத்தையும் அது தருகின்றதா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினாவாகும்.

அரசாங்கத்தின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வுகள் இதற்கான விடையை ஏற்கனவே தந்துவிட்டன. 2006/07 ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த தோட்டப் பிள்ளைகளுள் 40.2 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் காணப்பட்டனர். 2016ஆம் ஆண்டு ஆய்வில் இது 31.7 சதவீதமாகக் குறைந்தது. நாடளாவிய சராசரியோ அவ்வாண்டில் 17.3 சதவீதம் மாத்திரமே. பத்தாண்டில் ஏற்பட்ட முன்னேற்றத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை வளர்ச்சி குன்றியிருக்கும் ஒரு சமூகம் நிம்மதி கொள்ள முடியாது.

தோட்ட மக்கள் பரம்பரையாகவே குட்டையானவர்கள், இதில் வியப்பதற்கு என்ன இருக்கின்றது எனக் கேட்போரும் உளர். படித்தவர்கள் சிலரது வாயிலிருந்தும் இக்கூற்றை நாம் கேட்டிருக்கிறோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல்கள் இதற்குத் தக்க மறுமொழியாகும். இந்தியா, ஓமான், கானா, பிரேசில், நோர்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பாலும் தகுந்த உணவும் சுகாதாரமான சூழலும் கிடைத்த பிள்ளைகளை அளந்தபோது, முதல் ஐந்து ஆண்டுகளில் அவர்களது வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. டில்லியில் பிறந்த பிள்ளையும் ஒஸ்லோவில் பிறந்த பிள்ளையும் ஒரே கோட்டில் வளர முடியுமெனில், பசறையில் பிறந்த பிள்ளை மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்? குறை பிறப்பில் இல்லை. கருவில் இருக்கும் காலந்தொட்டு இரண்டு வயது வரையிலான ஏறத்தாழ ஆயிரம் நாட்களில் கிடைக்கும் உணவிலும் சூழலிலுமே பெரிதும் இருக்கின்றது.

உணவின் அடிப்படைகளைச் சற்று நோக்குவோம். மாச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும் உடலுக்குச் சக்தியளிப்பவை. மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு நான்கு கலோரி வீதமும் கொழுப்பு ஒன்பது கலோரி வீதமும் வழங்குகின்றன. 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 350 கலோரியும் 10 கிராம் அளவிலான புரதமும் உண்டு. ஆகவே மூன்று பெரிய ரொட்டிகளைச் சாப்பிட்டு மலையேறும் பெண்ணுக்கு, அரை நாள் கொழுந்து பறிப்பதற்கான சக்தி கிடைத்துவிடுகின்றது. தேங்காய்ச் சம்பல் அதனுடன் சிறிது கொழுப்பையும் சேர்க்கின்றது. தோட்டத்து உணவின் பலவீனம் கலோரியில் அல்ல, ஏனைய சத்துக்களிலேயே தங்கியுள்ளது. இரும்பு, கல்சியம், துத்தநாகம், விற்றமின் ஏ என்பன மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படுகின்றன. ஆனால் அவை குறைந்தால் இரத்தம் ஊறாது, எலும்பு வளராது, நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றிவிடும். வெள்ளை மா அரைக்கப்படும்போது தவிடும் முளையும் நீக்கப்படுவதால், கோதுமையில் இயற்கையாக இருந்த இரும்பிலும் பி வகை விற்றமின்களிலும் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகின்றது.

இந்தக் கோதுமை மா எமது மக்களின் பாரம்பரிய உணவன்று என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்த முதல் தலைமுறையினர் அரிசியையும் கேழ்வரகையும் உண்டு பழகியவர்கள். தோட்ட நிர்வாகங்கள் அவர்களுக்கு அரிசியையே படியளந்தன. அவ்வரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரத்து நின்றுபோக, பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா தோட்டங்களுக்குள் புகுந்தது. யுத்தம் முடிந்தது, மா மாத்திரம் திரும்பிப் போகவில்லை. மலிவாகக் கிடைத்ததும், அதிகாலையில் விரைந்து சமைத்துக் கட்டிக்கொண்டு போகக்கூடியதாக இருந்ததும் அது நிலைத்தமைக்குக் காரணங்களாகும். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது அந்த மாவும் குறைக்கப்பட்டதனால் தோட்டங்களில் நேர்ந்த பட்டினிச் சாவுகளை மூத்த தலைமுறையினர் இன்றும் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே ரொட்டியைக் கைவிடுங்கள் என நாம் உபதேசிக்கப் போவதில்லை. ரொட்டியுடன் எதனைச் சேர்ப்பது என்பதே பயனுள்ள கேள்வி.

கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறு, கௌப்பி, கடலை ஆகியவற்றில் அது தாராளமாக உண்டு. கோதுமையிலும் அரிசியிலும் உள்ள வேறு சில அமினோ அமிலங்கள் இவற்றில் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிக்கொள்கின்றது. சோற்றுடன் பருப்புக்கறி என்ற எமது முன்னோரின் வழக்கம் விஞ்ஞானத்துக்கு முந்திய ஞானம் எனலாம். அதே பருப்பு காலை ரொட்டிக்கும் வருமாயின் பெரிய மாற்றம் உண்டாகும். முட்டையும் நெத்தலிக் கருவாடும் மேலும் சிறந்தவை. நெத்தலியை முள்ளோடு உண்பதால் புரதத்துடன் கல்சியமும் கிடைக்கின்றது. கருவாட்டில் உப்பு மிகுதி என்பதனால், சுடுநீரில் கழுவிச் சமைப்பதும் கறிக்கு வேறாக உப்பிடாதிருப்பதும் நன்று. குரக்கனையும் மறந்துவிடலாகாது. பசறையிலிருந்து மொனராகலைக்கு இறங்கும் வீதியின் மறுகோடியில், சேனைகளில் விளையும் இத்தானியத்தின் 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. முதல் தலைமுறையினர் உண்ட கேழ்வரகும் இதுவே! மாவில் மூன்றிலொரு பங்கு குரக்கனைக் கலந்து தட்டினால் ரொட்டியின் தரமே வேறாகிவிடும்.

அடுத்தது இரத்தச்சோகை. கொழுந்து பறிக்கும் பெண்களைப் பொறுத்தவரை இதனைவிட முக்கியமான விடயம் வேறில்லை என்பது எமது கருத்து. மாதவிடாய், கர்ப்பம், மகப்பேறு ஆகியவற்றால் பெண்களுக்கு இரும்புச்சத்து ஆண்களைவிட அதிகம் தேவைப்படுகின்றது. இரும்பு குறைந்தால் இரத்தத்தின் ஹீமோகுளோபின் குறைகின்றது. தசைகளுக்கு ஒட்சிசன் போதாமல் உடல் சோர்கின்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றின் பெண் தொழிலாளர்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 1979ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியாகியது. இரும்புச்சத்து வழங்கப்பட்ட இரத்தச்சோகையுள்ள பெண்கள் முன்னரிலும் அதிகம் கொழுந்து பறித்தனர் என்பதே அதன் முடிவு. நிறைகுறைவாகப் பறிப்பவரைச் சோம்பேறி எனத் திட்டும் கங்காணிமாரும், கிலோக் கணக்கு மட்டும் பார்க்கும் கம்பனிகளும் இந்த ஆய்வினை ஒருமுறையாவது படித்துப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு முரண்நகையும் உண்டு. எமது மக்கள் தமது கையால் பறிக்கும் அதே தேயிலை, உணவோடு சேர்த்து அருந்தப்படும்போது, தானியங்களிலும் கீரைகளிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வதைப் பாதிக்கும் மேலாகத் தடுக்கின்றது. தேநீரிலுள்ள தனின் போன்ற சேர்மங்கள் இரும்பைப் பிணைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். தேநீரை நிறுத்த வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னரோ பின்னரோ அருந்தினால் போதுமானது. மாறாக, விற்றமின் சி இரும்பை உள்ளீர்க்க உதவுகின்றது. கீரையில் பிழியும் அரைத் தேசிக்காய், சாப்பிட்டபின் கடிக்கும் ஒரு கொய்யாப்பழம் ஆகியவை செலவின்றிக் கிடைக்கும் மருந்துகளாகும். கர்ப்பகாலத்தில் கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசைகளைத் தேநீருடன் விழுங்கும் பழக்கத்தையும் தாய்மார் கைவிட வேண்டும். கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சும் எதிரியே. 1916ஆம் ஆண்டளவிலேயே ராக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் இதற்கெதிரான பணியைத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் ஒழுங்கான மலசலகூடமில்லாத லயன்கள் இருக்கின்றன என்பது வெட்கத்துக்குரியது.

பதுளை மாவட்டம் மரக்கறிக்குப் பேர்போனது. வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பகுதிகளில் விளையும் போஞ்சி, கரட், கோவா, உருளைக்கிழங்கு ஆகியன கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தினூடாகக் கொழும்பு வரை செல்கின்றன. அதே மாவட்டத்தின் தோட்டத் தொழிலாளியின் கோப்பையில் அவை அருமையாகவே விழுகின்றன. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணவேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைக்கின்றது. விலை கொடுத்து வாங்கி இதனை நிறைவேற்றுவது தோட்டச் சம்பளத்தில் கடினம். ஆனால் முருங்கை, அகத்தி, பொன்னாங்காணி, வல்லாரை, மணத்தக்காளி ஆகியவை வளர்வதற்குப் பெரிய நிலம் தேவையில்லை. களைநாசினி தெளித்த இடத்துக் கீரையைப் பறிக்காதிருந்தால் சரி. பலாவைப் பற்றியும் ஒரு சொல். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் பலாமரம் நடும் இயக்கத்தை நடத்தியதனால் ஆர்தர் வி. டயஸ் என்பவரைச் சிங்கள மக்கள் 'கொஸ் மாமா' என அன்போடு அழைத்தனர். ஊவாவில் தாராளமாகக் காய்க்கும் பலாக்காயும் பலாக்கொட்டையும் ஏழையின் உணவென இழிவாகக் கருதப்படுவது தவறு.

ஆயினும் லயன் அறையின் வாசலில் நாலடி நிலமும் தமதென்று சொல்லமுடியாத மக்களிடம் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்பது எவ்வளவு பொருத்தம் என்ற வினாவும் நியாயமானதே. 2015ஆம் ஆண்டுக்குப் பின்னர் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடுகள் வழங்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டபோதிலும், இன்னும் பெருந்தொகையானோர் லயன்களிலேயே இருக்கின்றனர். சம்பளமும் அவ்வாறே. 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் நாட்சம்பளம் உயர்த்தப்பட்டது. ஆனால் இடையில், 2022 செப்டெம்பரில், கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டதை நினைவிற்கொள்ள வேண்டும். அறியாமை ஒரு காரணமே தவிர முழுக்காரணம் அன்று. அதேவேளை, கிடைக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு சாராயத் தவறணைக்குப் போகும் குடும்பங்களும் உண்டு என்பதை நாம் மூடிமறைக்கப் போவதில்லை.

நகரத்துத் தமிழ், முஸ்லிம் குடும்பங்களின் பிரச்சினை வேறு வகையானது. அங்கே குறைவு அல்ல, மிகையே நோய்க்கு வித்திடுகின்றது. 2018/2019 காலப்பகுதியில் நடத்தப்பட்ட தேசிய அளவிலான ஆய்வொன்று, இலங்கையின் வயதுவந்தோருள் ஏறத்தாழ 23 சதவீதத்தினர் நீரிழிவு நோயுடையவர்கள் எனக் கண்டது. நாளெல்லாம் கடையில் உட்கார்ந்திருக்கும் வர்த்தகருக்கு, மலையேறி இறங்கும் தொழிலாளியின் அளவு சோறு தேவையில்லை. நோன்பு மாதத்தில் அரிசியும் பயறும் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த நோன்புக் கஞ்சி உண்மையில் நிறைவான உணவு. அதனைத் தொடர்ந்து வரும் எண்ணெய்ப் பலகாரங்களும் சீனிப் பானங்களுமே பகல் முழுதும் பெற்ற பயனைக் குலைத்துவிடுகின்றன. வயிற்றை முழுமையாக நிரப்பாமல் நீருக்கும் மூச்சுக்கும் இடம்விடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை உலமாக்கள் அடிக்கடி நினைவூட்டுகின்றனர். நீரிழிவு உள்ளவர்கள் நோன்புக்கு முன்பே வைத்தியரைக் கலந்தாலோசித்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வது அவசியம். உப்பைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது தோட்டத்துக்கும் நகரத்துக்கும் பொதுவான விதி.

மீண்டும் பிள்ளைகளிடம் வருவோம். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மாத்திரம் என்ற அறிவுரையை இலங்கைத் தாய்மார் நன்கு பின்பற்றுகின்றனர். 2016 ஆய்வில் இது 82 சதவீதமாக இருந்தது. தோட்டத்தில் இதற்குத் தடையாக இருப்பது சட்டத்தின் கணக்கே. மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள். ஆறு மாதமோ 180 நாட்கள். எஞ்சிய நாட்களில் தாய் மலையிலும் பிள்ளை மடுவத்திலும் இருக்க வேண்டியுள்ளது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டுவதற்கென நாளில் இரு இடைவேளைகளைச் சட்டம் வழங்குகின்றது. தூரத்து மலையில் நிற்கும் தாய்க்கு அது எந்தளவு பயன்படுகின்றது என்பதைத் தொழிற்சங்கங்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆறு மாதத்தின் பின் ஊட்டும் உணவிலேயே பெரும் தவறு நிகழ்கின்றது. தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும் தண்ணீரான கஞ்சியும் பிள்ளையின் சிறிய வயிற்றை நிரப்புமே தவிர வளர்க்காது. கரண்டியிலிருந்து வழியாத அளவு தடிப்பாக மசித்த சோற்றுடன் பருப்பு, கீரை, பூசணி, சிறிது எண்ணெய் அல்லது தேங்காய்ப்பால், முடிந்த நாட்களில் முட்டையோ மீனோ சேர்க்க வேண்டும். நிறை குறைந்த பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் வழங்கப்படும் திரிபோஷ, வீட்டார் அனைவருக்கும் பங்கிடப்பட்டால் உரியவருக்கு ஏதும் மிஞ்சாது. எல்லோருக்கும் பரிமாறியபின் சட்டியில் மிஞ்சியதை உண்ணும் தாயின் வழக்கமும் மாற வேண்டும். மெலிந்த தாய் நிறைகுறைந்த பிள்ளையைப் பெறுகின்றாள், அப்பிள்ளை வளர்ந்து மெலிந்த தாயாகின்றது.

குடும்பநல உத்தியோகத்தர் நடத்தும் நிறுவையில் இரண்டு வயது வரை மாதந்தோறும் பிள்ளையை நிறுத்து, பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவேட்டின் வரைபடத்தில் கோடு மேல்நோக்கிச் செல்கின்றதா என்பதை எழுத்தறிவு குறைந்த தாயும் கண்ணால் பார்த்து அறியலாம். கோடு கிடையாகப் படுத்தாலோ கீழிறங்கினாலோ, பிள்ளை ஓடியாடி விளையாடுகின்றதே எனச் சமாதானம் கொள்ளாது, அன்றைய தினமே உத்தியோகத்தரிடம் காரணம் கேட்க வேண்டும். வயிற்றோட்டமா, பூச்சியா, உணவு போதாமையா என்பதை ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் சில வாரங்களில் கோட்டை நிமிர்த்திவிடலாம். இரண்டு வயதுக்குப் பின் இழந்த உயரத்தை முழுமையாக மீட்பது மிகக் கடினம்.