பதின்மூன்று கேக்குகள்

நம் கல்லூரி நூலகத்தில் ஓவிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முழுவதும் கேக்குகள்! அருகிலிருந்த நண்பர் எட்டிப் பார்த்து, "பேக்கரி விளம்பரமா?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதை மறைப்பானேன்? ஆனால் வாஷிங்டன் நகரின் தேசிய ஓவியக் கூடத்தில் இடம்பெற்றுள்ள படம் அது. அமெரிக்க ஓவியர் வெயின் தீபோ 1963ஆம் ஆண்டில் வரைந்த 'கேக்குகள்'. அந்த விளம்பரத் தோற்றத்துக்குள் என்னதான் இருக்கிறது என்றறியும் ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

அக்காலத்தில் அமெரிக்காவில் 'பாப்' ஓவியம் என்றொரு புதுப்போக்கு தலைதூக்கியிருந்தது. கடைச்சரக்கும் விளம்பரமும் சித்திரக்கதையுமே அதன் கருப்பொருள்கள். 1962இல் ஆண்டி வார்ஹோல் சூப் டப்பாக்களை 32 கித்தான்களில் வரைந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டு பசடீனாவில் நடந்த கண்காட்சியொன்றில் வார்ஹோலின் படங்களும் தீபோவின் படங்களும் ஒருங்கே இடம்பெற்றன. அன்றுமுதல் இருவரையும் ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டனர். தீபோ அதனை ஏற்கவில்லை. அவர் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

காரணத்தைப் படத்திலேயே காணலாம். ஏறத்தாழ 5 அடி உயரமும் 6 அடி அகலமும் உள்ள கித்தானில், மெல்லிய தாங்கிகளின்மேல் பதின்மூன்று கேக்குகள் வரிசையாக நிற்கின்றன. வார்ஹோலின் டப்பாக்களில் ஒன்றுக்கொன்று வேறுபாடு சூப்பின் பெயரில்தான். கைவேலையின் சுவடே தெரியலாகாது என்பது அவர் நோக்கம். தீபோவோ வண்ணத்தைக் குழைத்துத் தடிமனாக அப்புகிறார். கேக்கின்மேல் கிரீமைக் கத்தியால் தடவுவோமே, அதே திசையில், அதே வளைவில் தூரிகை சென்றிருக்கிறது. எண்ணெய் வண்ணம் கிரீமைப் போலக் காட்டப்படவில்லை, கிரீமாகவே நடந்துகொள்கிறது! அச்சுப் படத்தில் இந்தத் தடிப்பு மறைந்துபோவதால்தான் நம் கண்ணுக்கு அது விளம்பரமாகப்படுகிறது போலும்.

அடுத்து நிழல்கள். நிழலென்றால் கறுப்பு என்பது நம் எண்ணம். இங்கோ அவை நீலம். விளிம்புகளை உற்றுநோக்கினால் ஆரஞ்சும் பச்சையும் நீலமும் மெல்லிய கோடுகளாக அருகருகே ஓடுவதைக் காணலாம். எதிரெதிர் வண்ணங்கள் அடுத்தடுத்து நிற்கையில் கண் ஓரிடத்தில் நிலைகொள்வதில்லை. ஆகவே விளிம்பு ஒளிர்ந்து அதிர்வதாகத் தோன்றுகிறது. வெளிறிய பின்னணியில் ஒவ்வொரு கேக்கும் மேடை விளக்கின்கீழ் நிற்கும் நடிகரைப் போலத் தனித்து நிற்பது இந்த உத்தியால்தான்.

இத்திறம் அவருக்கு எங்கிருந்து வந்தது? 1920இல் பிறந்த தீபோ இளமையில் உணவு விடுதியில் வேலை செய்தவர். பின்னர் கேலிச்சித்திரமும் விளம்பரப் படமும் வரைந்து பிழைத்தவர். பொருளைப் பளிச்சென்று முன்னிறுத்தும் வித்தையை அங்கேதான் கற்றிருக்க வேண்டும். (விளம்பரம் வரைபவரை ஓவியராக மதிக்கத் தயங்கும் நம்மவர்கள் இதனைக் கவனிப்பார்களாக.) ஆயினும் கேக்குகளை எதிரில் வைத்து அவர் வரைந்தாரில்லை, கடைக் கண்ணாடிக்குப் பின்னே கண்டவற்றை நினைவிலிருந்தே வரைந்தார். பழைய பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் ரொட்டியையும் பழத்தையும் வரைந்த அசைவிலாப் பொருள் ஓவிய மரபு அவருக்கு மிகவும் உவப்பானது. வார்ஹோலைவிட ஷார்தானுக்கே அவர் நெருங்கிய உறவு என்பேன்.

2021இல் தமது 101ஆம் வயதில் தீபோ மறைந்தார்.

இவ்வளவையும் நண்பரிடம் கூறி, மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "இத்தனை கேக் இருக்கிறது, சாப்பிட ஓர் ஆளைக் காணோமே!" என்றார். எனக்கு அது அதுவரை தோன்றவேயில்லை.