ஆங்கில வகுப்பும் வேலையும்: ஒன்டாரியோவில் புதிதாகக் குடியேறுவோர் தவறவிடும் உரிமைகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் புதிதாகக் குடியேறுவோர், அவர்களுள் ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் வந்து சேரும் தமிழர்களும், திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்று உண்டு. வந்த சில வாரங்களுக்குள் ஏஜென்சி மூலம் பண்டகசாலையிலோ தொழிற்சாலையிலோ ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு, ஆங்கில வகுப்பைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பிறகு வந்து சேரும்போது பலர் கனடியக் குடியுரிமை பெற்றிருப்பதால், மத்திய அரசின் இலவச வகுப்புக்கான தகுதியை இழந்திருப்பார்கள்.

'லிங்க்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த வகுப்புத் திட்டம் 1992-இல் தொடங்கப்பட்டது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றோரும், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாப்புப் பெற்றோரும் இதில் கட்டணமின்றிச் சேரலாம். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்களுக்கும், தற்காலிகத் தொழிலாளர்களுக்கும், வெளிநாட்டு மாணவர்களுக்கும், குடியுரிமை எடுத்தவர்களுக்கும் இதில் இடமில்லை. கோரிக்கை நிலுவையில் இருப்போரும் குடியுரிமை பெற்றோரும் அத்துடன் மனம் விட்டுவிட வேண்டியதில்லை. மாகாண அரசின் நிதியில் பள்ளிக் கல்விச் சபைகள் வயதுவந்தோருக்கு நடத்தும் ஆங்கில வகுப்புகள் அவர்களுக்குத் திறந்திருக்கின்றன. ஆயினும் 'லிங்க்' வகுப்புக்கான தகுதி குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாளோடு முடிந்துவிடுகிறது என்பதை மனத்தில் இருத்தி, அதற்கு முன்பே அதைப் பயன்படுத்திக்கொள்வது அவசியம்.

சேருவதற்கு நேரே பள்ளிக்குப் போய் நிற்பதில் பயனில்லை. முதலில் மொழி மதிப்பீட்டு மையத்தில் நேரம் குறித்துக்கொண்டு, நிரந்தர வதிவிட அட்டையையோ வதிவிடத்தை உறுதிப்படுத்தும் தாளையோ, அகதியாக ஏற்கப்பட்டவராயின் அந்த முடிவு அறிவிக்கப்பட்ட கடிதத்தையோ மூலப்பிரதியாக எடுத்துச் செல்ல வேண்டும். மையம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் 211 என்ற எண்ணை அழைத்து, தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. மதிப்பீட்டில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் தனித்தனியே சோதிக்கப்பட்டு, கனடிய மொழி அளவுகோலின் 12 நிலைகளில் எது என்று நான்கு எண்கள் தரப்படுகின்றன. அந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்பதற்காகத் தாய்மார் பலர் சேராமலே விட்டுவிடுகிறார்கள். சில பள்ளிகளில் வகுப்பு நேரத்தில் பிள்ளைப் பராமரிப்பும் உண்டு என்பதை மையத்தில் கேட்டறிவது நல்லது. மாலை வகுப்பும், இணையவழி வகுப்பும் உண்டு. ஆகவே வேலை இருக்கிறது என்பது வகுப்பைக் கைவிடுவதற்கான காரணமாகாது.

வகுப்பில் சேர்ந்தவுடன் ஒரு பைன்டர் தரப்படுகிறது. ஆசிரியர் மதிப்பிட்ட ஒவ்வொரு பயிற்சித் தாளும் அதில் கோக்கப்பட்டு, அவற்றைக் கொண்டே அடுத்த நிலைக்கு உயர்த்தப்படுகிறது. பள்ளி மாறும்போது இதைத் தொலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவோர் ஏராளம். 18 முதல் 54 வயது வரையானோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, பேசுதலிலும் கேட்டலிலும் 4-ஆம் நிலையை எட்டியதாகக் காட்டும் 'லிங்க்' சான்றிதழ் மொழிச் சான்றாக ஏற்கப்படுகிறது என்பதால், நிலை முடிந்ததும் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் உள்ள பெருங்குறை, 'லிங்க்' வகுப்புக்கு மத்திய அரசும் வேலை தேடும் சேவைக்கு மாகாண அரசும் தனித்தனியே பணம் தருவதுதான். வகுப்பில் இருப்பவரிடம் என்ன வேலை தெரியும் என்று கேட்பதற்கும், வேலை மையத்துக்கு வருபவரிடம் ஆங்கில நிலை என்ன என்று கேட்பதற்கும் அலுவலர்கள் பலர் அக்கறை காட்டுவதில்லை. அதனால் யாழ்ப்பாணத்தில் கணக்காளராக இருந்தவர் பெட்டி அடுக்குகிறார். அவருக்கு வேண்டியது வணிகத் துறைக்கான ஆங்கிலம் என்பதை எவரும் சொல்வதில்லை. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு குடியேறியவரின் தலையிலேயே விழுகிறது. மொழி மதிப்பீட்டுத் தாளையும், வெளிநாட்டுக் கல்விச் சான்றின் மதிப்பீட்டு அறிக்கையையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, இலவசமாக இயங்கும் 'எம்ப்ளாய்மென்ட் ஒன்டாரியோ' மையத்துக்குச் சென்று, குறிப்பிட்ட தொழிலுக்கான மொழிப் பயிற்சியும் இணைப்புப் பயிற்சியும், அதாவது வெளிநாட்டில் பெற்ற தகுதியை இங்குள்ள உரிமத்தோடு பொருத்தும் பயிற்சியும், அந்த ஆண்டு எங்கே நடக்கின்றன என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அவர்கள் சொல்வதில்லை.

வகுப்பையும் வேலையையும் ஒருசேர நடத்துவோர் வேலையிடத்து உரிமைகளையும் அறிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் தற்காலிக வேலை ஏஜென்சிகளுக்கு உரிமம் கட்டாயம். அந்த உரிமம் உண்டா என்பதைத் தொழில் அமைச்சின் இணையதளத்தில் பார்க்கலாம். வேலையில் சேர்ப்பதற்கு ஏஜென்சி தொழிலாளரிடம் கட்டணம் வாங்குவது சட்டவிரோதம். சம்பளத்தோடு, மொத்தச் சம்பளமும் பிடித்தங்களும் எழுதிய சீட்டு தரப்பட வேண்டும். கையில் காசாகக் கொடுத்து, சீட்டு இல்லை என்று சொல்லும் இடத்தில், தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மேற்பார்வையாளர் பெயர் ஆகியவற்றை அன்றாடம் எழுதிவைத்து, வேலைக்கு அழைத்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பவருக்கே பின்னர் வழி உண்டு. நிலுவைச் சம்பளத்துக்கான முறையீட்டை 2 ஆண்டுகளுக்குள் அமைச்சில் இலவசமாகப் பதியலாம். ஆனால் பலர் வேலையை விட்ட கோபத்தில் அந்தக் குறிப்புகளையும் எறிந்துவிடுகிறார்கள்.

'கனடிய அனுபவம் வேண்டும்' என்ற நிபந்தனை தனியே கவனிக்கத்தக்கது. இது முதல் பார்வையில் பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-இல் கொள்கையாக அறிவித்தது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் பொதுவில் வெளியிடும் வேலை விளம்பரங்களில் அந்த நிபந்தனையைப் போடவே கூடாது. போட்டிருந்தால் விளம்பரத்தைப் படமெடுத்து, தேதியோடு சேமித்து, அமைச்சில் முறையிடலாம். நேர்காணலில் வாய்மொழியாகச் சொல்லி மறுத்தால், நடந்த நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தை நிரப்புவதற்கு முன் மனித உரிமைச் சட்ட ஆதரவு மையத்தில் இலவச ஆலோசனை பெறலாம். சொன்னவர் பெயர், சொன்ன சொற்கள், அப்போது உடனிருந்தவர் யார் என்பவை அன்றே எழுதப்படாவிட்டால், அந்த மையத்து வழக்கறிஞராலும் பெரிதாகச் செய்ய முடிவதில்லை.