உங்களுக்குத் தெரியுமா? விளையாட்டும் ஒரு சிகிச்சை!

● மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டி பிறந்தது ஒரு மருத்துவமனையில்தான். இரண்டாம் உலகப்போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சையளித்த டாக்டர் லுட்விக் குட்மன், விளையாட்டையும் சிகிச்சையில் சேர்த்தார். 1948 ஜூலை 29-இல் அங்கு நடந்த வில்வித்தைப் போட்டியில் 16 பேர் கலந்துகொண்டார்கள்.

● 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டடிபட்ட இந்திய ராணுவ வீரர் முரளிகாந்த் பெட்கர், அதற்கு முன் குத்துச்சண்டைக்காரர். உடல் தேற நீந்தத் தொடங்கியவர், 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

● முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் புனே அருகே கிர்க்கீயில் இயங்குகிறது. சக்கர நாற்காலி கூடைப்பந்து ஆடுவோரும், வாயில் தூரிகை பிடித்து ஓவியம் தீட்டுவோரும் அங்கே உண்டு.

● விளையாட்டு, இசை, ஓவியம், தோட்ட வேலை வழியே உடலையும் மனதையும் தேற்றுபவர் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர். பிசியோதெரபியோடு சேர்த்துத்தான் இந்தச் சிகிச்சை. அதற்குப் பதிலாக அல்ல.

● தருமபுரி மாவட்டத்து முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் நல உதவிகள் பற்றி அறிய, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.